பீங்கான் உரலில் அரைத்த கல்

டெல்லி ஆர்.கே.புரத்தில் பட்டாபியிடம் ஆபீசில் என்ன வேலை என்று கேட்டால், நிலாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சொன்னது பொய்யில்லை.

சூரியனின் எக்ஸ்ரே நிலாத் தரையில் பட்டால், அங்குள்ள அலுமினியமும் சிலிக்கானும் தத்தமக்கு உரிய எக்ஸ்ரேயை வெளியே விடும். நிலாவைச் சுற்றிய அமெரிக்கக் கலம் அதை எண்ணிக்கொண்டு வந்திருந்தது. அந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு அலுமினியம் என்று சொல்ல, பூமியில் ஓர் உரைகல் வேண்டும். பட்டாபி தக்காணத்துக் கருங்கல்லையும் சேலத்துப் பக்கம் சித்தம்பூண்டியின் வெள்ளைக் கல்லையும் மாவாக அரைத்து, வில்லையாக அழுத்தி, மெஷினில் வைத்து அளப்பார். டெக்னிகல் அசிஸ்டென்டாகச் சேர்ந்த அவருக்கு ஒரே ஆசை, ரிட்டயர் ஆவதற்குள் சயின்டிஸ்ட் என்று ஒரு நாளாவது கையெழுத்துப் போட வேண்டும்.

எழுபத்து நாலில், கல் அரைக்கும் உரல், தேயாத அகேட் கல்லால் ஆனது, விரிசல் விட்டுப்போயிற்று. புதியது வாங்க ஆறு மாசம் ஆகும் என்றது ஸ்டோர்ஸ். மேலதிகாரி டாக்டர் சேஷுவுக்கோ கட்டுரை அனுப்பும் அவசரம். பீங்கான் உரலிலேயே அரைக்கச் சொன்னார். கருங்கல் பீங்கானைத் தேய்க்கும், பீங்கானின் அலுமினியம் மாவில் சேரும் என்று பட்டாபி சொல்லிப் பார்த்தார். எல்லாம் கால் சதவீதம்கூட வராது என்றார் சேஷு.

இங்கேதான் பட்டாபி சறுக்கினார். டெல்லியில் ஃபைலில் ஏறாதது நடக்கவே இல்லை என்பது டீ கொண்டுவரும் சப்ராசிக்கும் தெரியும். ஒரு நோட் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் கிருத்திகைக்குக் கிருத்திகை மலை மந்திர் முருகன் கோவிலில் பக்கத்தில் நின்று விபூதி வாங்குகிற நம் மனுஷர் மேல் எப்படி நோட் எழுதுவது? வாயால் சொன்னதோடு விட்டார்.

கட்டுரை வந்தது. எட்டு மாசத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர், உங்கள் கருங்கல்லில் இவ்வளவு அலுமினியம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கேட்டார். சேஷு பட்டாபியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்தார். அந்த ஆபீசில் அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

"கவனக்குறைவா வேற உரல்ல அரைச்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு, பட்டாபி. டைரக்டருக்குக் காட்டணும், அவ்வளவுதான். காட்டினதும் கிழிச்சுப் போட்டுடறேன். நான் இருக்கேனோல்லியோ?"

பட்டாபி எழுதிக் கொடுத்தார். வீட்டில் மனைவி ஜலஜா, செய்யாத தப்பை ஒத்துக்கொள்வதற்கு ஒரு டீயா என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. இத்தனைக்கும் அவள் கேட்டதில் தப்பே இல்லை.

பத்து வருஷம் கழித்து சயின்டிஸ்ட் பதவிக்கு இண்டர்வியூ. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் சேஷு. முதல் அரைமணி பட்டாபி வெளுத்து வாங்கினார். கல்லையும் எக்ஸ்ரேயையும் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வெளியிலிருந்து வந்த மெம்பர் தலையாட்டிக்கொண்டே ஃபைலைப் புரட்டியவர், ஒரு காகிதத்தில் நின்றார். அதைப் பட்டாபி பக்கம் திருப்பினார். ஓரத்தில் பச்சை மையில், 'பர்சனல் ஃபைலில் சேர்க்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே சேஷுவின் இனிஷியல். எழுதிக் கொடுத்த அதே தேதி. டீ ஆறுவதற்குள் போட்டிருப்பார் பாவி.

மெம்பர் சேஷுவைப் பார்த்தார். சேஷு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"இது உங்க கையெழுத்துதானா, மிஸ்டர் பட்டாபி?"

பட்டாபி நடந்ததைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அன்று சர்க்காருக்குப் பொய் எழுதிக் கொடுத்ததாக ஆகும், அதற்கு ஒரு மெமோ வரும், அதற்கும் சேஷுவே விளக்கம் கேட்பார்.

"ஆமா சார்," என்றார். "என் கையெழுத்துதான்."

சேஷு தலையாட்டி, அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார்.