பிரேக் மிதித்துக் கொடுத்தவர்

இது நடந்த விஷயம். சொன்ன விலைதான், பேரம் கிடையாது. நம்பாதவர்கள் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் போகிற வழியில் பிரேக் கழற்றத் தெரிந்த மெக்கானிக் யாரிடமாவது இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

வருஷம் 1974. ஜூன் மாதம் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நடுராத்திரியும் இல்லை, அமாவாசையும் இல்லை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் மண்டை பிளக்கிற வெயில். மணி மத்தியானம் இரண்டு நாற்பது.

பராங்குசம் வாத்தியாருக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துவார். அவரிடம் ஒரு எம்.ஜி. கார் இருந்தது. 1952 மாடல், இரண்டே சீட்டு, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். பஞ்சு ஆபீசில் இருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பல் ஏறுகிற அவசரத்தில் வாத்தியார் தலையில் கட்டிவிட்டுப் போனது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அதன் மேல் உட்கார்ந்த நேரத்தைவிட அதன் அடியில் மல்லாந்து கிடந்த நேரம்தான் அதிகம்.

உப்புக் காற்று இரும்பைச் சாப்பிடுகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நட்டு நட்டாகத் தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பார். கூரை கிழிந்தபோது தோணிப் பாய்த் துணி வாங்கி அவரே தைத்தார். காலடிப் பலகை இற்றுப்போனபோது தோணி செய்கிற ஆசாரியிடம் பலகை இழைத்து வாங்கினார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். வீட்டுக்காரி வரலக்ஷ்மி, தாலி கட்டினது எனக்கா அதுக்கா என்று கேட்டு ஓய்ந்து, அந்த வருஷம் கேட்பதையே விட்டுவிட்டாள். வாத்தியாருக்கும் முதுகு போய்விட்டது. கோடை லீவில் அதை யாருக்காவது தள்ளிவிடுவதாகத்தான் இருந்தார்.

அதற்குள் தங்கை கமலவல்லி வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து மேளதாளத்தோடு தெருவைச் சுற்றி அழைத்து வருகிற ஜானவாசம் உண்டே, அதில்தான் சம்பந்தி வீட்டார் குறியாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா சுதர்சனம், மூத்தவனுக்குத் திறந்த கார் வந்தது என்பதை மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்லிவிட்டாராம்.

“அண்ணா, கார் இல்லேன்னா அவா சத்திரத்துக்குள்ள காலே வைக்க மாட்டா” என்றாள் கமலவல்லி.

வாத்தியார் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுவாரம், ரயில்வே கேட்டில் பிரேக்கை மிதித்தால் பெடல் விழுந்து பலகையில் முட்டியது. கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, பக்கத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினார்.

ஜானவாசம் ஜூன் ஐந்து, புதன்கிழமை, ஸ்ரீவைகுண்டத்தில். தெரு நிறையக் குழந்தைகள் காருக்கு முன்னால் ஆடிக்கொண்டு போவார்கள். பிரேக் இருந்தே ஆகவேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சு இன்ஜின் பார்க்கிற ஜேசுபாதம்தான் ஊரில் அந்தக் காரைத் தொடத் துணிந்த ஒரே ஆள். திங்கட்கிழமை வந்து பார்த்தார். வாத்தியார் அன்று கல்யாணச் சாமான்களோடு ஸ்ரீவைகுண்டம் போயிருந்தார். சாயங்காலம் ஜேசுபாதம் கையைக் கழுவிக்கொண்டு, நாளைக்கு ரெண்டு மணிக்கு வாரேன், மிச்சத்தை முடிச்சுருவோம் என்று வரலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் என்றால் ஏர் எடுப்பதுதான் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். பிரேக் குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, பிரேக் குழாய் முடிகிற இடத்தில் இருக்கிற திருகு மூடியை, அதாவது நிப்பிளை, திறக்க வேண்டும். ஆயிலோடு காற்று குமிழ் குமிழாக வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்தி விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமே இல்லை.

செவ்வாய்க்கிழமை வரலக்ஷ்மியும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் வாத்தியார் மட்டும். கொட்டகையில் கார் நாலு கட்டைகளின் மேல் நின்றது. ஜேசுபாதம் காலடிப் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார். இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. ஆளைக் காணோம். சரி, வருவதற்குள் நிப்பிளையாவது துடைத்து வைப்போம் என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டு, ஒரு ரப்பர் குழாயும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் பின்பக்கத்து இடது சக்கரத்தடியில் படுத்தார். படுத்ததும் கண் சொக்கியது. அவ்வளவு அசதி.

அப்போது மேலே சீட்டின் ஸ்பிரிங் சத்தம். கிரீச்...

மணி இரண்டு நாற்பது. படுக்கும்போது கடிகாரத்தைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்ததால் நேரம் கண்ணில் பட்டது.

“ஓய் ஜேசுபாதம், இப்பத்தான் விடிஞ்சுதா உமக்கு?”

“ம்.”

அவ்வளவுதான் பதில். ஜேசுபாதம் லேட்டாக வந்தால் கடலில் ஆரம்பித்துக் கட்டுமரம் வரை காரணம் சொல்கிற ஆள். வெயில் அவரையும் அடித்துப்போட்டுவிட்டது போலிருக்கிறது என்று வாத்தியார் விட்டுவிட்டார்.

“அமுக்கும்” என்றார்.

பெடல் அமுங்கியது. நிப்பிளைத் திறந்தார். குழாயில் ஆயில் ஓடிவந்தது, காற்றுக் குமிழோடு. மூடினார். “விடும்” என்றார். பெடல் ஏறியது. நாலே தடவையில் குமிழ் நின்றது. பரவாயில்லையே என்று பின்பக்கத்து வலது சக்கரத்துக்கு நகர்ந்தார்.

இரண்டு ஐம்பத்தைந்து. அங்கேயும் அதே மாதிரி. அமுக்கும் என்றால் அமுங்கியது, விடும் என்றால் விட்டது. ஒரு வார்த்தை கிடையாது. ஜேசுபாதத்தின் வழக்கமான மாதா பாட்டு முணுமுணுப்பு இல்லை. பீடி நாற்றம் இல்லை.

மூன்று மணிக்கு மில் சங்கு ஊதியது. அப்போதுதான் வாத்தியாருக்கு ஒன்று உறைத்தது. வீட்டு வாசல் கேட்டின் கீல் துருப்பிடித்தது. திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். இன்று அது சத்தமே போடவில்லை.

மூன்று பத்து. முன்பக்கத்து இடது சக்கரம். இன்னொன்றும் உறைத்தது. ஜேசுபாதம் ஏறினால் கட்டையின் மேல் நிற்கிற கார் ஒரு விரற்கடை இறங்கி முனகும். அடியில் கிடப்பவனுக்கு அது நெஞ்சில் தெரியும்.

கார் இறங்கவே இல்லை.

கேட்டுவிடலாமா என்று நினைத்தார். கேட்கவில்லை. கேட்டு, பதில் வராமல் போய்விட்டால்...

கடைசிச் சக்கரம். முன்பக்கத்து வலது. டிரைவர் பக்கம். மணி மூன்று இருபத்தைந்து.

அங்கே படுத்தால் தலைக்கு நேர் மேலே பெடல்கள். பலகை இல்லாததால் எல்லாம் திறந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தார்.

பெடல் தெரிந்தது. அதற்கு மேலே கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடு தெரிந்தது.

நடுவில் கால் இல்லை.

வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. “அமுக்கும்...”

பெடல் இறங்கியது. மெல்ல... அடிவரைக்கும்.

கை நிப்பிளைத் திறந்துவிட்டிருந்தது. எழுந்து ஓட வேண்டும். ஓடினால் காற்று உள்ளே போகும். நாலு சக்கரமும் வீண். கமலவல்லியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நிப்பிளை மூடினார்.

“விடும்.”

பெடல் ஏறவில்லை.

“விட்டுடும்...”

ஏறவில்லை.

பத்து எண்ணியிருப்பார்.

கிரீச்...

பெடல் மேலே வந்தது.

மூன்று நாற்பத்தைந்து வரை அவர் அடியிலேயே கிடந்தார். அங்கேயிருந்து வெளியே வரக் கிட்டத்து வழி, டிரைவர் கதவுப் பக்கம்தான். ஒருவழியாக ஊர்ந்து வந்து எழுந்து பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. மத்தியானம் அவர் குடிக்க மறந்து அங்கே வைத்த காபி டம்ளர், வைத்தபடி நிரம்பி நின்றது. மேலே ஆடைகூடக் கலையவில்லை.

கையை நீட்டிப் பெடலை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பிரேக் அப்படி இருந்ததே இல்லை.

என்ன செய்வது? ஜேசுபாதம் இருட்டுகிற வரை வரவில்லை. ஒரு ராத்திரியில் இன்னொரு திறந்த காருக்கு எங்கே போவது? இல்லை என்று சொன்னால் சுதர்சனம் மாமா சத்திரத்து வாசலில் நின்றுகொள்வார். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலமே பலகைகளை முடுக்கி, காரை இறக்கி, கொட்டகைக்கும் கேட்டுக்கும் முப்பது தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். முப்பது தடவையும் நின்றது. புதன்கிழமை விடிந்ததும், தாண்டவேண்டிய சைக்கிளைக்கூடத் தாண்டாமல், ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் பிரேக் சொன்ன பேச்சைக் கேட்டது.

அன்று சாயங்காலம் ஏழு பத்து. மாப்பிள்ளை மடித்த கூரையின் மேல் மாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் நாதஸ்வரம், கேஸ் லைட். கோயிலைத் தாண்டியதும் தெரு ஆற்றுப் பக்கமாகச் சரியும். அந்தச் சரிவில், மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜாவைப் பொறுக்க ஒரு குட்டிப் பெண் சட்டென்று குனிந்தாள்... சக்கரத்துக்கு முன்னால்.

வாத்தியாரின் கால் கிளம்பியது.

பாதி வழிதான் போயிருக்கும்.

கார் நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தார். பெடல் அடியில் இருந்தது. அவர் கால் அதற்கப்புறம்தான் போய் அதன் மேல் உட்கார்ந்தது.

குழந்தையின் பாவாடை பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு என்ன கால்யா என்று தெருவே மெச்சியது. சுதர்சனம் மாமாகூடச் சிரித்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வாத்தியார் இரண்டு நாளும் இலையில் உட்கார்ந்து எழுந்தார், சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது. திரும்புகிற வழியிலும் பிரேக் ஒரு குறை வைக்கவில்லை. காரைக் கொட்டகையில் விட்டு, சாவியை ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேசுபாதம் வந்தார். கேட் தெருக்கோடி வரை அலறியது.

“மன்னிச்சிருங்க சார். திருநெல்வேலில இல்ல, மதுரைல இல்ல. கோயமுத்தூர்ல போயில்லா புடிச்சிட்டு வாரேன்.”

“எதைப் பிடிச்சுண்டு வரீர்?”

ஜேசுபாதம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு ரப்பர் வாஷர். ஒன்று புதுசு. இன்னொன்று பழசு, நைந்து விளிம்பு கிழிந்தது. இந்தக் காருக்கு அளவு எழுதிக்கொண்டு போனால் சாமான் கிடைக்காது. கழற்றின சாமானையே கடைக்காரன் கண்ணில் காட்டினால்தான் ஜோடி எடுத்துத் தருவான். அதனால் திங்கட்கிழமையே, பெடலை மிதித்தால் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளிருந்த வாஷரை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, தூசி போகாமல் இருக்க வெறும் சிலிண்டரைத் திரும்ப மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாஷர் இல்லாமல் பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஆயில் ஒரு அங்குலம் நகராது. ஆகையால் யாரும் காரை எடுக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக ஊர் ஊராகத் திரிந்திருக்கிறார்.

“ஜானவாசத்துக்கு வேற காரு கெடச்சிதா சார்?”

வாத்தியார் அந்தப் பழைய வாஷரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

ஜேசுபாதம் சிலுவை போட்டுக்கொண்டார். குனிந்து, பலகையைத் தூக்கி, சிலிண்டரைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். காலி. ஆயில் பிசுக்குகூட இல்லை. துரு மட்டும் விரலோடு வந்தது.

இரண்டு பேருமே அந்தச் சீட்டின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

அப்புறம் ஜேசுபாதம் புது வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சார்... இதை மாட்டவா, வேண்டாமா?”