முள்முருங்கையை வெட்ட வந்தவர்

தக்கலை தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய வருஷம், எங்கள் வீட்டு முள்முருங்கையை வெட்ட ஒருவர் வந்தார். இடது கையில் மூன்றே விரல்கள். முன்பு எங்கள் மாமரத்தை வெட்ட வந்தபோது அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் கோடரியை ஓங்கியவர், இதன்மேல் காறித் துப்பிவிட்டு வெட்டினார்.

நாலே வருஷத்தில் கூரையைத் தாண்டிய மரம். மாசியில் இலையெல்லாம் முற்றத்தில் கொட்டும். வேர் மதிலைப் பிளந்திருந்தது. மரம் சாய்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. முள் கிழித்து முழங்கைவரை ரத்தம்.

"போதும் அண்ணாச்சி, விழுந்தாச்சு" என்றேன்.

"இதுக்க குணம் உங்களுக்குத் தெரியாது. வளரத்தான் தெரியும், ஒரு காத்துக்குத் தாங்காது."

ஊர் வழக்கப்படி கிளைகளை வேலிக்குக் கம்பாக நட்டோம். ஆனி மழையில் அத்தனையும் துளிர்த்தன. ஒரு காலையில் அவர் கூப்பிடாமலே வந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"உமக்குப் பைத்தியமா? இது எங்க வேலி!"

அவர் என் கையை உதறவில்லை.

"எனக்க வேலியும் இப்படித்தான் துளிர்த்தது. நிழலாச்சேன்னு ஞான்தான் ஒண்ணை வளர விட்டேன். அது முறிஞ்சு எனக்க மகளுக்க தலையில விழுந்தது."

நான் கையை எடுத்துக்கொண்டேன். மிச்சக் கம்புகளையும் பிடுங்கிவிட்டுப் போனார். அன்று முழுக்க ஆடுகள் புகுந்து தோட்டத்தை மேய்ந்தன. விரட்ட எனக்குத் தோன்றவில்லை.