பாலத்தைத் தாண்டிப் போன இர்யா

இர்யா சல்மேலா கோபக்காரி என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவள் அம்மா ஹில்யா அவளைவிடக் கோபக்காரி. ஹில்யாவின் அப்பாவோ மரம் வெட்டும் முகாமில் மேஸ்திரியை ஏரியில் தள்ளிவிட்டு வேலையை இழந்தவர். ரத்தம் அப்படி. ஆனாலும் அந்த வருஷம் அவளுக்கு வந்த கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.

மில் தெருவில் இருபத்திரண்டு வருஷமாகத் துணி துவைக்கும் கடை வைத்திருந்தாள். காசு போட்டால் ஓடும் பதினாறு எந்திரங்கள், எல்லாம் அவள் சொந்தம். கட்டடம் மட்டும் ரெய்னோ ஹவுட்டலாவுடையது. ரெய்னோ அவள் பெரியம்மா மகன். தெருவில் பாதிக் கட்டடங்கள் அவனுடையவை.

ரயில்பாதைக்கு மேற்கே இருந்த பெரிய கடைவீதிக்காரர்கள் ஒரு மேம்பாட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். எல்லைக்குள் இருக்கும் கடைகளெல்லாம் சிறப்பு வரி கட்ட வேண்டும். அதில் பூந்தொட்டியும் அலங்கார விளக்கும் வைப்பார்கள். அந்த எல்லையை ரயில்பாதையிலிருந்து ஆற்றுப் பாலம் வரை நீட்டப் போவதாக நகராட்சி கடிதம் அனுப்பியது. மில் தெரு முழுக்க அதற்குள் வந்துவிடும்.

கடிதம் வந்தவர்கள் யாரும் பதில் எழுதவில்லை. பின்லாந்திலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்கள் ஆட்களின் மன்றத்தில் எழுபது வருஷப் பழக்கம் ஒன்று உண்டு. தீர்மானம் வேண்டுமென்பவர்கள் எழுந்து நிற்பார்கள், வேண்டாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேண்டாததற்கு யாரும் வாயைத் திறப்பதில்லை. அதே நினைப்பில் தெருவே உட்கார்ந்திருந்தது. தூண்டில் கடை வைனோ கிழவர் அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினார்.

இர்யாவுக்குக் கடிதமே வரவில்லை. விளக்குக் கம்பத்தை அளக்க வந்தவன் சொல்லித்தான் தெரியும். மறுப்புச் சொல்லக் கொடுத்த அறுபது நாள் கெடுவில் இன்னும் நாலு நாள்தான் பாக்கி. தெருவில் மூன்றில் ஒரு பங்குப் பேர் எழுத்தில் மறுத்தால்தான் திட்டம் நிற்கும். மறுக்காதவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள் கணக்கில்.

நேரே தூண்டில் கடைக்குப் போனாள்.

"பெரியவரே, கையெழுத்துப் போடுங்க."

"எனக்குத்தான் வேணாமே. வேணாங்கிறதுக்கு எதுக்குடி கையெழுத்து?"

"நீங்க சும்மா இருந்தா அவன் சரின்னு எழுதிக்குவான்."

"எவன் அப்படி எண்ணுறவன்? அவனைக் கூட்டிட்டு வா, மீனுக்குப் போடுற புழுவை அவன் வாயில போடுறேன்."

"புழுவை அப்புறம் போடலாம். இப்போ பேனாவைப் பிடிங்க."

இருபத்தேழு கடைகளில் ஒன்பது கையெழுத்து வேண்டும். மூன்று நாளில் பதினொன்று வாங்கினாள். நாலாம் நாள் காலையில் நகராட்சி எழுத்தர் அம்மாளிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் தன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஐந்துதான் செல்லும் மேடம். மத்த ஆறு பேரும் வாடகைக்காரங்க, உங்களையும் சேர்த்து. கட்டடக்காரர்தான் கடிதத்தோட நகலை உங்களுக்குக் கொடுத்திருக்கணும். வாடகைக்காரங்க பேரை எங்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கணும். அவர் கொடுக்கலை."

"யார் கட்டடக்காரர்?"

"ஆறும் ஹவுட்டலாவோடதுதான். இன்னிக்கு நாலரை மணிக்குள்ள அவர் பட்டியல் கொடுத்தா நான் எண்ணிக்குவேன்."

ரெய்னோ வீட்டுச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி எல்லி ஏலக்காய் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். இர்யா பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் ஆட்கள் வீட்டில் அது செருப்பால் அடித்த மாதிரி.

"அண்ணே, நகல் எங்கே?"

"எந்த நகல்?"

"அந்தப் பேச்சு வேணாம். ஆறு பேருக்கு வந்த கடிதத்தை எங்கே வச்சிருக்கே?"

ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தான். "உக்காரு இர்யா. தெரு பளபளன்னு ஆனா உனக்குத்தானே நல்லது?"

"அழுக்குத் துணியோட வர்றவன் பூந்தொட்டி பாத்தா வர்றான்? அந்த வரியை நீ என் வாடகையில ஏத்துவே. அப்புறம் துணி துவைக்கிற கடை இந்தத் தெருவுக்கு அசிங்கம்னு சொல்லி என்னையே வண்டி ஏத்திவிடுவே."

"சொந்தக்காரனைச் சந்தேகப்படறியே."

"சந்தேகமில்லேண்ணே. நல்லாவே தெரியும். ஆறு பேரை எழுதிக் கொடு. நீ சரின்னு சொல்லு, அது உன் இஷ்டம். எங்க வாயை ஏன் அடைக்கிறே?"

"மறந்துட்டேன், அவ்வளவுதான். இப்போ தேடிட்டிருக்க முடியாது."

"எல்லி, நீயாவது சொல்லேன்."

எல்லி கத்தியைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். "இதெல்லாம் அவர் பாக்குறது. நீ காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். இர்யா குடிக்கவில்லை. எல்லி என் தம்பி பெண்டாட்டியின் தங்கை. அன்று அவள் வாயை மூடிக்கொண்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாலரை மணி அடித்தது. எல்லை நீண்டது.

அடுத்த வாரம் நகரசபையில் அதைச் சட்டமாக்கினார்கள். இர்யா எழுந்து பதினொரு பேரையும் கடை விலாசத்தோடு வாசித்தாள். தலைவர் நேரம் முடிந்தது என்று மணியைத் தட்டினார். அவள் குரலை உயர்த்தித் தொடர்ந்து வாசித்து முடித்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

புது வரி வாடகையில் ஏறிய அன்று கடையைக் காலி செய்வதாக ரெய்னோவிடம் ஒரு மாத அறிவிப்பு நீட்டினாள். குத்தகைப் பத்திரம் எதுவும் இல்லை. உறவுக்குள் எதற்கு என்று ஆரம்பத்தில் சொன்னவனே அவன்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய படகுக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. எல்லை பாலத்தோடு நின்றது. கூரை ஒழுகும், குழாய் புதிதாகப் போட வேண்டும். வங்கியில் கடன் கேட்டு அதை விலைக்கே வாங்கினாள்.

வைனோ தன் லாரியைக் கொண்டுவந்தார். நாலு நடையில் பதினாறு எந்திரமும் போயின. கடைசி நடை கிளம்பும்போது ரெய்னோ வந்து நின்றான்.

"இருபத்திரண்டு வருஷம், இர்யா. இப்படியா விட்டுட்டுப் போவே? அந்த ஒழுகுற கொட்டகைக்கு யார் வருவா?"

"அழுக்குத் துணி இருக்கிறவன் வருவான்."

"நாளைக்குப் பாலத்தைத் தாண்டியும் எல்லையை நீட்டுவாங்க. அப்போ எங்கே போவே?"

"எங்கேயும் போகமாட்டேன். அங்கே வாடகை வாங்க எந்த அண்ணனும் இல்லே. கடிதம் வந்தா என் கையிலே வரும்."

சொல்லிவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். ரெய்னோ இன்னும் ஏதோ சொன்னான். "ஓட்டுங்க பெரியவரே" என்றாள்.