பின்னால் கூப்பிடக் கூடாது

என் கணவர் ஸ்டொக் கார் ஓட்டினார். எழுபதுகளில் சிட்னிக்கு வந்த எங்கள் ஆட்களில் டொக்டர் இருந்தார்கள், எஞ்சினியர் இருந்தார்கள், கணக்காளர் இருந்தார்கள். மண் ஓடுபாதையில் மற்றக் கார்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட்டிச் சம்பளம் வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். யாராவது வீட்டில் பூசை நடக்கும்போது, "உங்கடை அவர் என்ன வேலை?" என்று கேட்பார்கள். "கார் சம்பந்தமான வேலை" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பேன்.

பரமட்டாவுக்குப் பக்கத்தில் பழைய கார் உடைக்கும் யார்டு ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். ஒருநாள் தன் ஓட்டுநர் வராமல் போக, இவரைப் பிடித்துக் காருக்குள் உட்காரவைத்தார். அன்றைக்கே மூன்றாவதாக வந்தார். அடுத்த வருடம் ஓட்டுவதே தொழிலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓட்டம், மற்ற நாட்களில் நெளிந்த தகரத்தை அடித்து நிமிர்த்துவது. ஒலிபெருக்கியில் அறிவிப்பவனுக்கு இவருடைய பெயர் வாயில் நுழையாது. "கறி எக்ஸ்பிரஸ்" என்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இவரும் கையை ஆட்டிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளைத் திறக்க முடியாமல் ஒட்டிவிட்ட கார் அது. ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். தடித்த கையுறையோடு பெல்ட் மாட்டுவது கஷ்டம், அதனால் அது என் வேலை. தோள்களுக்கு இரண்டு பட்டி, இடுப்புக்கு ஒன்று. ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்து எல்லாவற்றையும் இறுக்கிக் கொளுவி, கூரையில் இரண்டு தரம் தட்டுவேன். தட்டினால்தான் அவர் கிளம்புவார்.

துணிச்சல்காரர். ஆனால் புறப்பட்டபின் பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் தாங்கமாட்டார். 'போறன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, எப்போதும் 'போட்டு வாறன்'தான். ஊரில் கும்பிட்ட சாமியையே மறந்துபோன மனிதர் இந்த ஒன்றை மட்டும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒருமுறை தூசிக்குக் கண்ணில் மாட்டும் கண்ணாடியை மறந்துவிட்டுக் காரை நகர்த்தத் தொடங்கினார். "இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!" என்று கத்தினேன். அன்றைக்குப் பார்த்து ஓட்டத்தில் கார் தலைகீழாக உருண்டது. விலா எலும்பு இரண்டு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னார்: "பின்னாலை கூப்பிட வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்? இனி என்ன நடந்தாலும் வாய் திறக்கப்படாது."

"ஓம், கார் உருண்டது என்ரை வாயாலைதான். உங்கடை கால் ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சத்தியம் வாங்காத குறையாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த வருடத்தின் கடைசி ஞாயிறுதான் தன்னுடைய கடைசி ஓட்டம் என்று அவரும் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்த ஞாயிறு ஓடுபாதைக்குப் போகும் வழியில், ஏதோ பால் வாங்க மறந்ததைச் சொல்வதுபோல, அடுத்த வருடத்துக்கும் முதலாளியிடம் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். போய்ச் சேரும்வரை சண்டை. அவர் ஜன்னலால் இறங்கி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

"கையெழுத்து வைக்கத் தெரிஞ்ச கைக்கு பெல்ட்டும் மாட்டத் தெரியுந்தானே?" என்றேன்.

அவரே குனிந்து எதையோ இழுத்தார். கூரையில் யாரும் தட்டவில்லை. கார் நகர்ந்தது. என்னைக் கடந்துபோகும்போதுதான் பார்த்தேன், தோள் பட்டி ஒன்றின் நுனி ஜன்னலுக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தேன். 'இஞ்சா' வரைக்கும் வந்தது. உடனே அந்த இரண்டு விலா எலும்பும் நினைவுக்கு வந்தன. கூப்பிட்டு, அதனாலேயே ஏதாவது நடந்துவிட்டால்? நம்பிக்கை இல்லை என்று வாய் கிழியப் பேசிய நான்தான் அப்படி நினைத்தேன். ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் கொடிக்காரன் பார்ப்பான், நிறுத்துவான் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். கோபமும் இருந்தது, அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது? வாயை மூடிக்கொண்டேன்.

கொடிக்காரன் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் பின்னால் வந்த கார் இடித்தது, இவருடைய கார் கொங்கிறீட் சுவரில் நேராகப் போய் மோதியது. பெரிய மோதல் அல்ல. அதைவிட மோசமாக மோதிவிட்டு, ஜன்னலால் ஏறிவந்து கை காட்டியவர் அவர். "கறி எக்ஸ்பிரஸ் இன்றைக்குத் தாமதம்," என்றான் அறிவிப்பவன். சனம் சிரித்தது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வெளியே வரவில்லை.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று சொன்னார்கள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. பெல்ட் சரியாக மாட்டியிருந்ததா என்று டொக்டர் கேட்டார். தெரியாது என்றேன். முதலாளி இரண்டு தரம் பூங்கொத்தோடு வந்தார், பிறகு வரவில்லை. பிள்ளை பிறந்தது. பிள்ளையையும் அவரையும் பக்கத்துவீட்டு அன்ரியின் பொறுப்பில் விட்டுவிட்டு, பிஸ்கட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன்.

அதன்பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் வாசலைத் தாண்டும்போது கட்டிலிலிருந்து கூப்பிடுவார். "இஞ்சாரும், குடை எடுத்தனீரோ?" திரும்பி வந்து, எடுத்ததைக் காட்டுவேன். மறுநாள், வீட்டுக் கதவின் திறப்பை எடுத்தேனா என்று கேட்பார். ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எரிச்சலோடு திரும்பி வந்து, "இண்டைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை," என்றார். பிறகு வீட்டு முகட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அண்டைக்குத் தோள் பட்டி கொளுவுப்படேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீர் கூப்பிடுவீர் எண்டு மெதுவாத்தான் போனனான்."

பஸ் போய்விட்டது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.