பூனை முடி ஒட்டிய பாட்டுப் பட்டியல்

என் சித்தியின் கட்டிலுக்கு அடியில் இடமில்லாததால் எங்கள் பூனை கட்டில் மேல்தான் படுத்துவந்தது. அடியில் முழுக்க ஷூ பெட்டிகள். மொத்தம் பதினேழு, ஆனால் ஒன்றிலும் ஷூ இல்லை. உடைந்த டிரம்ஸ் குச்சி, அறுந்த கிட்டார் கம்பி, பாதி டிக்கெட், வியர்வை காய்ந்த தலைப்பட்டை, யாரோ ஒரு பாடகர் குதித்ததில் கழன்ற பூட்ஸ் குதிகால் என்று அந்தப் பெட்டிகளுக்குள் இருபத்தாறு வருஷ ராக் இசை கிடந்தது.

சித்தி ஊரின் பெரிய இசை அரங்கில் துப்புரவு வேலை பார்க்கிறாள். கச்சேரி நடக்கும்போது மேடை ஓரத்தில் மாப்பும் வாளியுமாக நிற்க வேண்டும். யாராவது தண்ணீரைக் கொட்டினால், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும். டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாம் எங்கேயோ பின்னால் நிற்க, சித்தி கிட்டார்காரரின் முழங்கையிலிருந்து நாலடியில் நிற்பாள். கூட்டம் கலைந்ததும் மேடையைப் பெருக்குவாள். முறத்தில் விழுவதில் பாதி குப்பைத் தொட்டிக்கும் பாதி ஷூ பெட்டிக்கும் போகும்.

அப்பா அவளைக் குப்பை ராணி என்பார். "கூப்பிட்டுக்கோங்க மாமா, ராணின்னுதானே சொல்றீங்க" என்பாள்.

பொறுக்கிச் சேர்ப்பது பெரிய விஷயமில்லை, அதை எங்கள் பூனைகூடச் செய்யும். சித்தி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தாள். மாதிரிக்கு ஒன்று: "டிரம்ஸ் குச்சி. கோபத்தில் உடைத்ததாகப் பேப்பரில் போட்டார்கள். கோபம் இல்லை, கை நழுவியது. பெட்டி தள்ளும் வண்டி ஏறி உடைந்தது. அன்று மேடையில் வாந்தி இரண்டு இடம். துடைத்தது நான்." எல்லா அட்டையும் இந்த இரண்டு வார்த்தையில்தான் முடியும். துடைத்தது நான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு மழை நாளில், பாதிக் கச்சேரியில் அரங்கத்தின் கூரை ஒழுகி மின்சாரம் போய்விட்டது. அந்தக் குழு மைக் இல்லாமல், தொண்டையையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடி முடித்ததாம். இந்த ஊர் ராக் ரசிகர்கள் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றி எழுந்து நின்றுதான் பேசுவார்கள். என்னென்ன பாட்டு என்று எழுதித் தரையில் டேப் போட்டு ஒட்டியிருந்த தாள் மட்டும் சித்திக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதுகூடத் தப்பு. அவளே மாப்பால் துடைத்து, தாள் என்று தெரியாமல் பிழிந்து வாளியில் விட்டுவிட்டாள். வருஷத்துக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவாள்.

பெருமூச்சு எனக்கு எரிச்சல். அதனால்தான் செய்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டதால் நேரம் நிறைய இருந்தது. ஒரு தாளைத் தேநீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, பதினாலு பாட்டு எழுதினேன். ஐந்து பாட்டின் பெயர் நானே வைத்தது. மூலைகளில் கறுப்புத் துணி டேப் ஒட்டி, அடுக்களைத் தரையில் போட்டு மிதித்து, உரித்து எடுத்து, சித்தியின் பெட்டியில் செருகினேன்.

மறுநாள் அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கவே இல்லை, டேப்பின் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், எந்த பேண்டுடா பூனையோட கச்சேரிக்கு வந்தது?"

பசையில் எங்கள் பூனையின் முடி ஆறேழு ஒட்டியிருந்தது. மேடைத் தரையில் ஒட்டிய டேப் என்றால் பசையில் பலகையின் ரேகை பதிந்திருக்குமாம். இதையெல்லாம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. அவள் திட்டவும் இல்லை, தாளைக் கிழிக்கவும் இல்லை. அதற்கும் ஒரு அட்டை எழுதி உள்ளே வைத்துவிட்டாள்.

போன வருஷம் அரங்கத்துக்கு ஐம்பது வயது. அரங்கத்தின் ராக் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் எதைத் தொட்டாலும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வார். அரங்கத்து அலமாரிகளைக் கிளறியதில் பழைய தண்ணீர் ரசீதுகள்தான் கிடைத்தன. அப்போதுதான் யாரோ சித்தியின் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

சித்தி கேட்டது ஒன்றே ஒன்று. "பொருள் போற இடத்துக்கு அட்டையும் போகணும்." மேனேஜர் கண்டிப்பாக என்றார். பதினேழு பெட்டியும் வண்டி ஏறின. பூனை அன்றைக்கே கட்டிலுக்கு அடியில் குடிபோனது.

கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கும் வேலையும் சித்திக்குத்தான். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வேலை முடிந்து வந்தவள், பையைக்கூட மாட்டாமல் உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்கக்கா. ஒண்ணைக்கூடப் படிக்கலயாம். பதிலுக்குத் தங்க எழுத்துல அடிச்சு வெச்சிருக்காங்க, அரங்கத்தின் சேகரிப்புன்னு."

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். அரங்கத்துத் தரையில கிடந்தது அரங்கத்துக்குத்தான் சொந்தம்னு மேனேஜர் சொல்றார்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நடுப்பெட்டில, வெல்வெட்டு மேல, தனி விளக்கு போட்டு என்ன வெச்சிருக்காங்க தெரியுமா? உன் பூனை முடியை."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு பெட்டியில் அந்த நிபுணர் கண்ணுக்கு என் கைவேலைதான் ரொம்பப் பழசாகத் தெரிந்திருக்கிறது. அட்டையைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அட்டைதான் குப்பைக்குப் போய்விட்டதே.

"இப்பவே போய்ச் சொல்லிடு சித்தி."

"நான் எதுக்குச் சொல்லணும்? என் அட்டை சொல்லும்."

அந்த வாரம் முழுக்க அடுக்களை மேஜையில் சாப்பிட இடமில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டையையும் நினைவிலிருந்தே திரும்ப எழுதினாள். எந்தக் கம்பி எந்தப் பாட்டில் அறுந்தது, எந்த நாளில் எத்தனை வாளி தண்ணீர், எல்லாம் வரிசையாக வந்தது. கால் வலி மாத்திரை போட்டாளா என்று கேட்டால் மட்டும் ஞாபகம் இல்லை.

"வேலை போயிடும்டி" என்றாள் அம்மா.

"போகட்டும். இருபத்தாறு வருஷமா மேடையில நடந்ததைப் பாத்தவ நான். தங்க எழுத்து பாத்துச்சா?"

திறப்பு விழா அன்று காலை, கண்ணாடி துடைப்பதற்கென்று கொடுத்த சாவியால் எல்லாப் பெட்டியையும் திறந்தாள். துடைத்தாள். தங்க எழுத்துக்குப் பக்கத்தில் தன் அட்டைகளைக் கறுப்புத் துணி டேப்பால் ஒட்டினாள். அந்த டேப் வெல்வெட்டில் ஒட்டினால் வெல்வெட்டோடுதான் வரும். அது அவளுக்குத் தெரியும்.

ஊழியர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம் என்றதால் அம்மாவும் நானும் போயிருந்தோம். மழை நாளில் வாசித்த அந்த டிரம்ஸ்காரர்தான் சிறப்பு விருந்தாளி. இப்போது தொப்பையும் படிக்கிற கண்ணாடியும் இருந்தது. மேனேஜர் நடுப்பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, அழியாத வரலாற்றுச் சான்று என்று நீட்டி முழக்கினார். டிரம்ஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"நாங்க அன்னைக்கு ஆறு பாட்டுதானே பாடினோம்? இதுல பதினாலு இருக்கே."

பிறகு பக்கத்திலிருந்த அட்டையைச் சத்தமாகப் படித்தார். "போலி. அசல் தாள் என் வாளியில் கரைந்துபோனது. இதைச் செய்தது என் அக்கா மகன். ஒட்டியிருக்கும் முடி எங்கள் பூனையுடையது, அது அசல். துடைத்தது நான்."

கூட்டம் சிரித்தது. நிபுணர் கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். டிரம்ஸ்காரர் நிமிர்ந்து, "அந்த வாளி அம்மா இங்கதான் இருக்காங்களா? என் கால்ல மாப்பால ஒரு இடி இடிச்சாங்க" என்றார்.

"வழியில நின்னீங்க" என்றாள் சித்தி, பின்வரிசையிலிருந்து.

மேனேஜர் அவளைச் சாமான் அறைப் பக்கம் கூப்பிட்டுப் போனார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"உனக்கு என்னம்மா வேணும்? அட்டைதானே? எல்லாம் இருக்கட்டும். உன் பேரையும் போட்டுடறேன். அந்த நடுப்பெட்டி அட்டையை மட்டும் எடுத்துடு. நாளைக்குப் பேப்பர்காரங்க வராங்க."

எடுத்துத் தொலை சித்தி, என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் கேட்டதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அந்த ஒண்ணை எடுத்தா மத்த இருநூத்திப் பதினொண்ணையும் யாரு சார் நம்புவாங்க?"

"சரி, அப்போ அந்தத் தாளையே தூக்கிடலாம்."

"வேண்டாம் சார். போலின்னு எழுதி, இருக்கட்டும். இத்தனை வருஷமா மத்தவங்க போட்டுட்டுப் போனதைத்தான் பொறுக்கியிருக்கேன். எனக்குன்னு ஒருத்தர் உக்காந்து செஞ்சது அது ஒண்ணுதான்."

நான் அவசரமாகக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். நான் போட்டிருந்தது செருப்பு.

"அரங்கத்துப் பொருள்மா அது" என்றார் மேனேஜர், விடாமல்.

"அது அரங்கத்துத் தரையில விழல சார். எங்க அடுக்களைத் தரையில விழுந்தது."

மறுநாள் அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வேண்டாம், இனிமேல் பின்பக்க முற்றத்தைப் பெருக்கு என்றார்கள். அட்டைகளை உரிக்கப் பார்த்து, இரண்டு இடத்தில் வெல்வெட்டு கிழிந்ததும் விட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் தங்க எழுத்தைத் தாண்டிக் குனிந்து சித்தியின் கையெழுத்தைத்தான் படிக்கிறார்கள். நடுப்பெட்டி முன்னால் நிற்கிற கூட்டத்தில் பாதி பூனை முடியைத் தேடுகிறது.

சித்தியைத் தண்டித்துவிட்டதாக மேனேஜர் நினைக்கிறார். பேண்டுகளின் வண்டி வந்து சாமான் இறக்குவது அந்தப் பின்பக்க முற்றத்தில்தான் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

முதல் நாளே ஒரு டிரம்ஸ் பெட்டியின் உடைந்த சக்கரத்தோடு வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பூனையை வெளியே தள்ளினாள்.

"பெட்டி இருக்காடா?"

என் புது ஷூவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தேன்.

அவள் பேனாவை எடுத்து எழுதினாள்: "சக்கரம். பின்பக்க முற்றம். மழை இல்லை, எண்ணெய் சிந்தியது ஒரு இடம். துடைத்தது நான்."