வெட்டிய பதினோரு விநாடிகள்

பகவதி அக்காவின் வீட்டு முற்றத்தில் அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அதை வெட்டியது நான்."

அன்று காலையில்தான் வானொலி நிலையத்தின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. நம் நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்த பகவதி, வெளிமாவட்டத்தில் பணியில் இருக்கும்போது மாரடைப்பால் காலமானார்; உடல் மதியம் தோவாளைக்கு வருகிறது. நான் குழித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வடசேரியில் இறங்கி, வேலைக்குப் போகாமல் தோவாளை பஸ்ஸில் ஏறினேன்.

முற்றத்துப் பந்தலில் பழைய ஆட்கள் பலர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர் சுயம்பு அண்ணன் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். "நல்ல மனுசி. அந்த எலெக்‌ஷன் நேரம் மட்டும் அண்ணனுக்க கட்சிக்காக கொஞ்சம் சறுக்கிட்டா. கூடப்பொறந்த பாசம்லா, அத விடுங்க" என்று பொதுவாகச் சொன்னார். இரண்டு பேர் தலையசைத்தார்கள். என் கையில் பால் சேர்க்காத கட்டஞ்சாயா இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அக்காவுடன் வேலை பார்த்தவர்களுக்காகவும், அவர் குரலைக் கேட்டுப் பழகிய நேயர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புகழ்ச்சியை அவர் விரும்பமாட்டார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சென்ற சட்டமன்றத் தேர்தலின்போது எங்கள் நிலையம் வேட்பாளர் நேர்காணல்களை ஒலிபரப்பியது. ஒரு தொகுதிக்கு நான்கு வேட்பாளர்கள், எல்லோருக்கும் ஒரே மூன்று கேள்விகள், ஆளுக்கு மூன்று நிமிடம். அரசு வானொலி என்பதால் இந்த அளவு பிசகக் கூடாது. அக்கா பொறுப்பாளர். மாதத்தில் சில நாள் மட்டும் அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளரான நான், பதிவும் தொகுப்பும் பார்த்தேன்.

முதல் வேட்பாளரின் வீட்டில் சாயாவும் உளுந்தவடையும் வந்தன. அக்கா சாயாவை மட்டும் எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏறியதும் ஏன் என்று கேட்டேன். "நாலு வீட்டுலயும் சாயா இருக்கும். நாலு வீட்டுலயும் வட இருக்குமா, ஏட்டி?" என்றார். மூன்றாவது வீட்டில் நான் சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் ஏச்சு விழுந்தது.

"ரெண்டு வீட்டுல குடிச்சிட்டு இங்க வேண்டாம்னா அவரு என்ன நெனைப்பாரு? ஒண்ணு எல்லா வீட்டுலயும் குடி, இல்லைன்னா ஒரு வீட்டுலயும் குடிக்காத."

"வயிறு என்னத்துக்கு ஆகும் அக்கா?"

"ஓட்டுப் போட்டு முடிஞ்ச பொறவு வயித்துக்கு வைத்தியம் பாக்கலாம்."

நான்காவது வீட்டுச் சாயாவில் சீனி பாயசம்போல் கிடந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அக்காவின் அண்ணன் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். இந்த நிகழ்ச்சியை ஒப்படைத்த அன்றே அதை அக்கா நிலைய இயக்குநருக்கு எழுத்தில் தெரிவித்தார். வேறு ஆள் இல்லை என்று இயக்குநர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அதன்பின் வாக்குப்பதிவு முடியும்வரை அக்கா அண்ணனின் போனை எடுக்கவில்லை. வீடு தேடி வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "பொறவு வா அண்ணா, அவியலும் பப்படமுமா சோறு போடுகேன். இப்பம் போ" என்று அனுப்பியதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆளும் கட்சி வேட்பாளரை, அவர் வீட்டுச் சாயா முடிந்தபின், ஆரல்வாய்மொழியில் பதிவு செய்தோம். காற்றாலைகளின் பக்கத்தில், ஆட்கள் சூழ, வெட்டவெளியில் பேசத்தான் அவருக்கு ஆசை. அக்கா அவரை ஒரு கடைக்குள் உட்காரவைத்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். "காத்துல நின்னா நீங்க பேசுகது ஒருத்தருக்கும் கேக்காது சார். பொறவு ரேடியோக்காரி சதி பண்ணிட்டான்னு சொல்லுவீங்க." அவரும் சிரித்தபடி உள்ளே வந்தார். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்துசேரும் என்பது எங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கு அவர் ஒன்பது விநாடி பேசாமல் இருந்தார். பிறகு பதில் சொன்னார்.

எதிர்க்கட்சி வேட்பாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அதே கேள்விக்கு அவர் பதினோரு விநாடி பேசாமல் இருந்தார். பிறகு தொடங்கி, நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொல்லி ஒருவழியாக முடித்தார். அவருடைய பதிவு மூன்று நிமிடத்தைத் தாண்டியது, மற்றவருடையது தாண்டவில்லை. ஆசிரியையின் கருத்து எதையும் வெட்டாமல் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பதினோரு விநாடியையும் தடுமாற்றங்களையும் வெட்டி எடுத்தேன். மூன்று நிமிடம் சரியாக வந்தது. ஆளும் கட்சிக்காரரின் ஒன்பது விநாடியைத் தொடவில்லை; தொட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆசிரியை பேசியது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். அக்கா அப்போது வேறொரு ஒலிபரப்பில் இருந்தார். "நீ கேட்டியா? சரியா இருக்கா?" என்று கேட்டு, நான் ஆமாம் என்றதும் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்.

நிகழ்ச்சியில் ஒருவர் கேள்விக்கு முழிப்பதுபோலவும், மற்றவர் பதிலைக் கையில் வைத்திருந்ததுபோலவும் கேட்டது. மூன்றாம் நாள், பதிவின்போது ஆசிரியையுடன் இருந்த அவருடைய தங்கை, தான் போனில் எடுத்த முழுப் பதிவையும் பெருமையாக வாட்ஸாப்பில் பகிர்ந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆளும் கட்சிக்காரர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. புகார் வந்தது. பொறுப்பாளரின் அண்ணன் யார் என்பதும் அதில் எழுதியிருந்தது.

இயக்குநர் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்னு ஒரு வரி வாசிச்சிருவோம். இதோட முடியட்டும்" என்றார் அவர்.

"மெஷினுக்கு ஓட்டு கெடையாது சார். அதுக்கு ஒருத்தரையும் பிடிக்கவும் செய்யாது, பிடிக்காமலும் இருக்காது. வெட்டினது மனுசங்க. மனுசங்கன்னுதான் வாசிக்கணும்" என்றார் அக்கா.

திருத்த அறிவிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். வெளியே வந்ததும் வராந்தாவில் என்னிடம் கேட்டார்: "கேக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. அத என் பேரு சொல்லி வாசிப்பேன். வெட்டினவ பேரு சுதா அப்படின்னும் வாசிக்கட்டா?"

எனக்கு அந்த வேலை வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ வாயத் தொறக்காம நான் ஒம் பேர எடுக்க மாட்டேன். நான் செய்தேன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். அதச் சொல்லுகது ஒன்ட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒலிப்பதிவு அறைக்குள் போனார்.

அவர் வாசித்தது இதுதான்: "சென்ற வாரம் ஒலிபரப்பான நேர்காணல்களில் ஒரு வேட்பாளரின் தயக்கங்கள் நீக்கப்பட்டிருந்தன, இன்னொருவருடையவை நீக்கப்படவில்லை. இது இயந்திரக் கோளாறு அல்ல, எங்கள் தவறு. முழுவதும் கேட்காமல் இதற்கு ஒப்புதல் தந்தவர், பொறுப்பாளர் பகவதி. நான்கு பதிவுகளும் இப்போது வெட்டாமல் ஒலிபரப்பாகின்றன."

ஒலிபரப்பில் ஒரு பெயர்தான் போனது. ஆகவே வெட்டியதும் அவர்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆளும் கட்சிக்காரர்கள் இது போதாது என்றார்கள். தங்கள் வேட்பாளரை அவமானப்படுத்திவிட்டதாக எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அதைச் சொன்னவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தன் தவறை மட்டும் எழுதி ஒரே பக்கத்தில் பதில் கொடுத்தார். தேர்தல் முடிந்து இரண்டு மாதத்தில் வெளிமாவட்டத்துக்கு மாற்றினார்கள். பிறகும் போனில் பேசிக்கொள்வோம். "சாப்பிட்டியா, என்ன படிக்க?" என்று கேட்பார். அந்த விஷயத்தை அவர் ஒருமுறையும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அக்கா காலமாகிப் பத்தாம் நாள், நடந்ததை எழுதி, இப்போதைய இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். "அவங்களே போயிட்டாங்க. இனி இதனால யாருக்கும்மா என்ன பிரயோஜனம்?" என்றார். அந்தப் புகாரின் கோப்பில் இதையும் சேர்க்கும்படி கேட்டு, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டேன். சுயம்பு அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஏட்டி, அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம் அண்ணா."

கையெழுத்துக்குத் தரும் முன் முழுப் பதிவையும் கேட்பது, எனக்குப் பிடித்தவரின் குரல் என்றால் இன்னொரு முறை கேட்பது: பகவதி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான். கேட்காமல் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு நாளிலிருந்துதான் இதை அவரும் கற்றிருக்க வேண்டும்.

கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. நிலையத்திலிருந்து என்னை இதுவரை பணிக்கு அழைக்கவில்லை.