பசி என்றொரு கட்டளை

எழுபதுகளில், காரைக்குடி ஆய்வுக்கூடமொன்றில் கம்ப்யூட்டர் அட்டைகளில் துளை போடுவது என் வேலை. அட்டைகளைப் படிக்கிற மிஷின் மெட்ராஸில் இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு விலங்கியல் பேராசிரியர் வருவார். கையில் எப்போதும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் ஊருணித் தண்ணீரும் மீன்குஞ்சுகளும். பேச்சுக்கு நடுவே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஊருணியின் உயிர்களைக் கணக்கிட அவரே ஒரு கம்ப்யூட்டர் பாஷை உருவாக்கியிருந்தார்.

“இருக்குற பாஷையெல்லாம் கூட்டும், பெருக்கும். ‘பசிக்குது’ன்னு சொல்ல வழியில்லையே!”

“நீங்க எழுதுறீக சரி. மிஷினுக்கு இது தெரியாதே சார்?”

“கத்துக்குடுக்கலாம். அதுக்கு நான் மிஷின் முன்னால உக்காரணும். யாரு விடுறாக?”

அவர் கெஞ்சியதால், அவர் எழுதியதை அட்டைகளில் துளையிட்டு மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தேன். பசி என்ற முதல் கட்டளையிலேயே பிழை என்று தாள் திரும்பி வந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை அன்று தூக்கவில்லை. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குத் துளை போடத்தான் தெரியும்.